முந்நூற்றைம்பதுக்குள் ஐந்நூறு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் நம்பர்க்காரர். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் எது வந்தாலும், இன்ஜினில் குத்தியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்து எந்த மாடல், எத்தனை சிசி என்று சொல்லிவிடுவார். முந்நூற்றைம்பதின் எழுத்தை ராவிவிட்டு ஐந்நூறு என்று குத்திக்கொண்டு வருகிற கில்லாடிகள் உண்டு. அவர் காதில் மட்டும் யாராலும் பூச்சுற்ற முடிந்ததில்லை.

நம்பரும் உள்ளிருப்பதும் ஒட்டாத இன்ஜின் ஒன்றை அவரே செய்திருந்தார். அது அண்ணனுடையது. "முன்னூத்தம்பது மாடு மாதிரி நகருதுடா" என்று அண்ணன் நச்சரிக்க, சிலிண்டர் உட்காரும் வாயைக் கடைந்து அகலமாக்கி ஐந்நூறின் சிலிண்டரை ஏற்றினார். கடையும்போது விளிம்பு பிய்ந்துபோய், வெல்டிங் வைத்து அடைத்தார். அந்த வண்டியில் கிளம்பிய அண்ணன் வீடு திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. அண்ணி மட்டும் சாயங்காலமானால் மாடியில் நின்று ஏரிக்கரைச் சாலையைப் பார்ப்பாள். வருஷங்கள் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒரு நாள் பழைய இரும்பு வியாபாரி ஓர் இன்ஜினைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார்.

"ஏரியில தூர் வாரினாங்கல்ல, சேத்துக்குள்ள கிடந்துச்சு. என்ன மாடல், எவ்வளவு தேறும்னு பாத்துச் சொல்லுங்க."

முந்நூற்றைம்பதின் எழுத்து தெரிந்தது. எண்ணை அரிப்பு தின்றிருந்தது. சிலிண்டர் பெயர்ந்துபோன வாயில் அப்பியிருந்த சேற்றை வழித்தார். வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும் என்று வழித்தார். விளிம்பில் அவர் வைத்த வெல்டிங் இருந்தது. இந்த வேகத்தை நாம்தானே ஏற்றிக்கொடுத்தோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

டீ கொண்டுவந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏரி என்ற சொல் அவள் காதில் விழுந்திருந்தது.

"யாரு வண்டிப்பா அது?"

"யாரோடதோ அண்ணி. இது முன்னூத்தம்பது. நம்மளது ஐநூறாச்சே."

வியாபாரிக்கு முகம் தொங்கிப்போனது. அண்ணி டீயைக் கீழே வைத்தாள்.

"நம்பர் முன்னூத்தம்பதுன்னுதான் சொல்லும், எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு அண்ணனும் தம்பியும் சாப்பாட்டுல உக்காந்து சிரிச்சீங்களே. நான்தானே பரிமாறினேன்?" மேஜையிலிருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து அவர் கையில் வைத்தாள். "வாயை அளந்து சொல்லு."

"அரிச்சுப் போயிருக்கு அண்ணி, சரியா காட்டாது."

"அளந்து சொல்லுப்பா."

அளக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. ஆனாலும் அளந்தார். இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

"ஐநூறு" என்றார்.

"ஐநூறா! அப்போ நல்ல விலை போகுமே?" என்றார் வியாபாரி, ஒன்றும் அறியாமல்.

அண்ணி குனிந்து, இன்ஜினில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

"ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்பா, இத்தனை வருஷமும்" என்றாள். "தண்ணியை ஒரு நாள்கூடப் பாக்கல."