கமலநாதன் கட்டிய வெள்ள மணி

கமலநாதன் எனக்கு மாமன் மகன். என் அம்மாவின் கடைசித் தம்பிக்கு நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்தவன். அவன் பெண்டாட்டி இராஜம்மா என் சின்னம்மா மகள். அதனால் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம். மலேசியாவில், கிள்ளானில் லோரிகளுக்கு வயரிங் பார்ப்பதுதான் நாற்பது வருஷமாக அவன் தொழில்.

இராஜம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயின. மாடி ஏற முடியாதென்று கீழே ஹாலிலேயே கட்டில் போட்டான். அந்த வருஷக் கடைசியில் வெள்ளம் வந்தது. பட்டறையிலிருந்து அவன் ஓடி வருவதற்குள் தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது. சாப்பாட்டு மேசை மேல் அவளைத் தூக்கி உட்கார வைத்து, அவள் காலைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் ஆறு மணி நேரம் நின்றான்.

அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே அவனுக்கு உட்கார முடியாது. குடையோடு போய் வீட்டெதிரே உள்ள பெரிய சாக்கடையை எட்டிப் பார்ப்பான், வருவான், மறுபடி போவான்.

"மழைய விட நீங்கதாங்க என்ன பயமுறுத்துறீங்க" என்பாள் இராஜம்மா.

தனியாளாக அவளை மாடிக்குத் தூக்க அவனால் ஆகாது. சாக்கடை நிரம்பும்போதே தெரிந்தால், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் தூக்கிவிடலாம். அந்த அரை மணி நேரம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அதற்காக ஒரு மணி செய்ய உட்கார்ந்தான். சாக்கடைச் சுவரில் இரண்டு கம்பி. தண்ணீர் ஏறி இரண்டையும் நனைத்தால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு எலக்ட்ரானிக் போர்டில் இருக்கும் சில்லு அதைக் கண்டுகொண்டு மணியை அடிக்கும். மைக்ரோகன்ட்ரோலர் என்று அதற்குப் பேர். கமலநாதன் அதை 'சின்னது' என்றுதான் சொல்வான். வெள்ளம் வந்தால் முதலில் போவது கரண்டு. ஆகையால் பழைய லோரி பேட்டரி ஒன்றை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தான். பேட்டரி பன்னிரண்டு வோல்ட், சின்னதுக்கு ஐந்துதான் ஆகும். லோரியில் சின்ன பல்புக்குச் செய்கிற மாதிரியே வழியில் வோல்டைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்தான். சரியாக ஐந்து.

வாளித் தண்ணீரில் விடச் சொல்லி, கம்பியை இராஜம்மாவின் வலது கையில் கொடுத்தான். விட்டாள். மணி 'கீக்' என்றது. நின்றது. மறுபடி 'கீக்'.

"என்னங்க, விக்கல் எடுக்குது?"

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு பெர்னிஸ். சுபாங் ஜெயா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபது வருஷம் இருந்தவள். வந்து பார்த்தாள்.

"அங்கிள், இது லோரி இல்ல லா."

"மீட்டர்ல அஞ்சு காட்டுதும்மா!"

"சும்மா இருக்கிறப்போ அஞ்சு. மணி அடிச்சா கரண்டு கூட இழுக்கும். அப்போ உங்க ரெசிஸ்டரே பாதிய முழுங்கிடும். சில்லுக்கு ரெண்டு, மூணுதான் மிச்சம், மயங்கி விழுது. மணி நின்னதும் எந்திரிக்குது. திரும்ப அடிக்கப் பாக்குது, திரும்ப விழுது."

"பல்பு விழாதே?"

"பல்பு எப்பவும் ஒரே அளவு குடிக்கும் அங்கிள்."

கமலநாதன் மீட்டரை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான். நாற்பது வருஷத் தொழில்காரன் அல்லவா. இராஜம்மாதான், "கேட்டுக்குங்க. வெள்ளத்துல அது மயங்கினா நான்தான் நனைவேன்" என்றாள்.

பெர்னிஸ் தன் வீட்டிலிருந்து தீப்பெட்டியளவு ரெகுலேட்டர் ஒன்றைக் கொண்டு வந்தாள். பேட்டரி நிறைந்திருந்தாலும் இறங்கியிருந்தாலும், மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், அது ஐந்துதான் கொடுக்குமாம். அதிலிருந்த குட்டித் திருகாணியை அவள் மெதுவாகத் திருக, கமலநாதன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மீட்டரைப் படித்தான். "ஏழு... ஆறு... அஞ்சரை... அஞ்சு. நிறுத்து!"

இராஜம்மா கம்பியை வாளியில் விட்டாள். மணி அலறியது. தெரு நாய் குரைத்தது. அவள் கையை எடுக்கவேயில்லை.

"போதும், எடு ராஜி."

"இருங்க. கொஞ்சம் கேட்டுக்குறேன்."

பெர்னிஸ் வீட்டுக்கும் ஒரு வயர் இழுத்து இன்னொரு மணி மாட்டினார்கள்.

நவம்பரில் ஒரு மத்தியானம், கமலநாதன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது இரண்டு வீட்டிலும் மணி அடித்தது. பெர்னிஸும் அவள் புருஷன் ரோனியும் ஓடி வந்தார்கள். மூன்று பேருமாக இராஜம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள். கரண்டு போயும் மணி ஓயவில்லை. தண்ணீர் கேட்டைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தை மூடி, வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

"உள்ளயே வரல. சும்மா தூக்கிட்டு வந்துட்டேன்" என்றான் கமலநாதன், மூச்சு வாங்க.

இராஜம்மா அவனைப் பார்க்கவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து, மாடியில் இருந்த தங்கள் படுக்கையறையை அவள் பார்த்ததே கிடையாது.

"என் கட்டில் மேல பூரா வயரு!" என்றாள். "எடுங்க. எல்லாத்தையும் எடுங்க. இன்னிக்கு நான் இங்கதான் படுப்பேன்."

அவன் வயர்களை அள்ளி மூலையில் போட்டான். துவைத்த விரிப்பைத் தேடி எடுத்து, நாலு மூலையும் இழுத்து விரித்தான். இடது பக்கம் சுருங்கியிருக்கிறது என்றாள். அதையும் இழுத்துவிட்டான்.