குஷன் சாருக்கு ஒத்துக்கொள்ளாத பள்ளிகள்

இடது கையை மேசைமேல் நீட்டி, சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். இந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, பக்கத்து அறையில் நடக்கவும் கூடாது. கையில் சுற்றிய பட்டை விர்ரென்று காற்றடைத்து இறுகும்போது "ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் வரும். வலியாம். எண்ணைப் படித்துச் சொல்வது மனைவியின் வேலை. அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் முப்பது பேருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறவள், வீட்டில் இந்த முதல் நோயாளியைப் பார்த்து முடித்த பிறகுதான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியும்.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தெட்டு."

"நேத்து நூத்திப் பதினாறு." கண் இன்னும் திறக்கவில்லை. "ரெண்டு ஏறியிருக்கு, பாத்தியா?"

"ரெண்டெல்லாம் ஒரு கணக்காங்க? நல்லாத்தான் இருக்கு."

"உனக்குத் தெரியாது. இது உள்ளுக்குள்ளயே அரிக்கிற ஸ்ட்ரெஸ்."

தெரியாதாம்! இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாது. ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் சமூக அறிவியல் எடுக்கிறவருக்குத் தெரியும். அவள் பட்டையைக் கழற்றினாள்.

அதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம்: தேதி, எண், காரணம். முதல் இரண்டு கட்டத்தில் சுவாரஸ்யம் ஒன்றுமில்லை. ஒன்பது வருஷமாக அந்த எண் நல்ல பிள்ளையாக ஒரே இடத்தில்தான் நிற்கிறது. மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது விஷயம். 'எட்டாம் வகுப்பு பி பிரிவு.' 'மாடிக்கு இரண்டு முறை ஏறியது.' 'தலைமையாசிரியை பார்த்த பார்வை.' 'மழை.' ஒரு நாள் எண் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதற்கும் ஒரு காரணம் வேண்டுமே? 'ஞாயிறு' என்று எழுதியிருக்கிறார்.

குஷன் சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நீல வெல்வெட் உறை போட்ட ஒரு சின்ன மெத்தையைத் துணிப்பையில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப் போவார். வகுப்புக்கு வகுப்பு அது கூடவே வரும். நாற்காலியில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, உட்கார்ந்தால் அப்புறம் மணி அடித்துத்தான் எழுந்திருப்பார். கரும்பலகைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்பது வருஷத்தில் ஐந்து பள்ளி பார்த்தாயிற்று. இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளைத் தெரியவே தெரியாது. ஆனாலும் ஐந்திலும் முதல் வாரத்திலேயே அதே பெயர் விழுந்துவிட்டது. பெரியவர்களுக்குத்தான் ஆளைப் புரிந்துகொள்ள வருஷம் ஆகிறது.

பள்ளி மாறினேன் என்று சொல்ல மாட்டார். "அந்த ஸ்கூல் எனக்கு ஒத்துக்கலை" என்பார், ஏதோ தின்னக் கூடாததைத் தின்றுவிட்டதுபோல. முதல் பள்ளியில் ஆசிரியர் அறைக்கு நேர் மேலே மணி. "அடிச்சா நெஞ்சைத் தூக்கிப் போடுது." இரண்டாவதில் மாடிப்படி. மூன்றாவதில் சாக்பீஸ் தூள், எழுதாத மனிதருக்கு! நான்காவது பள்ளியில் மரம் இருந்தது, நிழல் இருந்தது, சத்தம் இல்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் திண்டாடிக்கொண்டிருந்தார் பாவம். அந்தத் தலைமையாசிரியை நல்ல நேரத்தில் கைகொடுத்தார். திங்கட்கிழமைதோறும் பாடக்குறிப்பு நோட்டைக் காட்டச் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமைன்னாலே வயித்தைக் கலக்குது" என்று அங்கிருந்தும் கிளம்பினார்.

கிளம்புவதற்கும் ஒரு காலம் உண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள் கட்டுகளைத் திருத்தக் கொடுத்த பிறகுதான் அவருடைய உடம்பு பள்ளியை வேண்டாம் என்று சொல்லும். கட்டு அலமாரியில் இருக்கும். சாவி அவருடைய பாக்கெட்டில், அடுத்த ஊருக்குப் போயிருக்கும். முழுஆண்டுத் தேர்வுக்கு இரண்டு மாதம் வைத்துக்கொண்டு அவருடைய வகுப்பை யாராவது ஒரு டீச்சர் தலையில் கட்டுவார்கள். பிரிவுபசாரக் கூட்டம் மட்டும் தவறாமல் நடந்துவிடும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நாலும் வீட்டில் நாலு நேரம் காட்டுகின்றன. ஐந்தாவது வருகிற வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

ஐந்தாவது பள்ளியில் ஒத்துக்கொள்ளாமல் போனது ஒரு நோட்டு. யாராவது ஆசிரியர் லீவு போட்டால், அன்றைக்கு ஓய்வுப் பீரியட் உள்ளவர்கள் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்த வகுப்பு என்று காலையில் சப்ஸ்டிட்யூஷன் நோட்டு என்ற ஒன்றில் எழுதி, அட்டெண்டர் கையில் கொடுத்தனுப்புவார்கள். கையெழுத்துப் போட்டால் போயாக வேண்டும். எந்தப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். குஷன் சாருக்கு அது தன் உயிருக்கு வைத்த குறி. வராந்தாவில் அட்டெண்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அட்டெண்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வாசலிலேயே நின்று, "சார், மெதுவா வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல. ஆறாவது ஏ, மூணாவது பீரியட்" என்று ஊருக்கே கேட்கச் சொல்வார். அறிவியல் டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் நோட்டை வாங்கி, "விடுங்கண்ணே, நானே போய்த் தொலையறேன்" என்று கையெழுத்துப் போடுவாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் அதற்கப்புறம்தான் கேட்கும்.

இதற்கெல்லாம் இப்போது ஒரு தத்துவமும் சேர்ந்துவிட்டது. போன வருஷம் ஆசிரியர் நலம் என்று இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினார்கள். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டோடு நழுவிவிட்டார்கள். இவர் இரண்டு நாளும் முன் வரிசையில், குஷனோடு. அங்கே பிடித்த ஒரு வாசகத்தை இன்றுவரை விடவில்லை.

"பிளேன்ல என்ன சொல்றாங்க? ஆபத்துன்னா முதல்ல உன் மாஸ்க்கை மாட்டிக்கோ, அப்புறம்தான் பக்கத்து சீட்டுக்கு. நாம நல்லா இருந்தாத்தானே அடுத்தவங்களப் பாத்துக்க முடியும்?"

விமானத்தை அவர் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார். அது கிடக்கட்டும். ஒன்பது வருஷமாகத் தன் மாஸ்க்கையே மாட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு, பக்கத்து சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது எப்போதுதான் கண்ணில் படுமோ?

ஏனென்றால் அவர் ஊர் மாறினால் அவளும் மாற வேண்டும். அவருக்குப் புதுப் பள்ளியில் ஜன்னலோர நாற்காலி கிடைக்கும். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்கிற நர்ஸுக்கு என்ன கிடைக்கும்? யாரும் வேண்டாம் என்கிற வார்டும், ஆறு மாதத்துக்கு ராத்திரி டியூட்டியும். நேற்றுப் படித்து வந்த பெண் இவளைப் பார்த்து, "அக்கா, அந்த பெட்டை மாத்திடுங்க" என்று விரலை நீட்டும். ஒவ்வொரு ஊரிலும் கீழ்ப்படியிலிருந்து ஏறி, நடுப்படிக்கு வரும்போது இவருக்குக் காற்று ஒத்துக்கொள்ளாமல் போய்விடும்.

நாலாவது பள்ளியும் ஐந்தாவது பள்ளியும் ஒரே ஊரில் அமைந்தது அவள் செய்த புண்ணியம். நாலு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் கால் ஊன்ற முடிந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் பிரிவு. போன மாதம் அந்தப் பிரிவின் பொறுப்பையே அவளிடம் கொடுத்தார்கள். பகல் டியூட்டி மட்டும். அவளுக்குக் கீழே ஆறு பேர். அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர், "பொறுப்புன்னா ஸ்ட்ரெஸ் ஆச்சே. நீ டென்ஷனா வீட்டுக்கு வந்தா எனக்கும் சேந்து ஏறுமே" என்றார். 

அவளிடம் வாரத்துக்கு மூன்று நாள் வருகிற ஒரு பழைய பஸ் டிரைவர் இருக்கிறார். முரட்டு ஆள், ஊசியைக் கண்டால் மட்டும் குழந்தை. கையை இவளிடம் தவிர யாரிடமும் நீட்ட மாட்டார். போன வாரம் ஊசி ஏறுகிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சிஸ்டர், நீங்க எங்கயும் போயிட மாட்டீங்களே?" என்று கேட்டார். அவள் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே, "எங்கே போகப் போறேன்?" என்றாள். சொன்ன பிறகு அன்று முழுக்க அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் ஆறாவது பள்ளி அதற்குள் முடிவாகிவிட்டது. பத்து மணி நேரப் பயணம். மலையடிவாரம், விடுதியோடு கூடிய பள்ளி. "குவார்ட்டர்ஸ் தர்றாங்க. ஜன்னலைத் திறந்தா ஒரே பச்சை. சப்ஸ்டிட்யூஷன் நோட்டே கிடையாதாம், நான் கேட்டுட்டேன்" என்றார்.

"எனக்கு அங்க வேலைங்க?"

"பக்கத்துல ஏதோ கிளினிக் இருக்காம். இல்லன்னா என்ன, வீட்டோட இரு. என்னைப் பாத்துக்கோ. அதுவே முழுநேர வேலை."

அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. கல்லூரி விடுதியில் இருக்கிற மகள் போனில், "இந்தத் தடவை அப்பாவுக்கு எதும்மா ஒத்துக்கலையாம், காத்தா தண்ணியா?" என்று கேட்டாள். "நோட்டு" என்றாள் இவள். "என்ன நோட்டு?" என்று அவள் கேட்க, இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பின்னங்கழுத்து விண்ணென்று தெறித்தது. பத்து நாளாக அந்த வலி. யாரிடம் சொல்வது? வீட்டில் நோயாளி வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ராஜினாமாக் கடிதத்தையும் அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினாள். எழுதி முடித்ததும், "கொடு, பாப்போம்" என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார். இரண்டு இடத்தில் கமா போட்டார். 'வேலையை விடுகிறேன்' என்பதை அடித்து, 'பணியிலிருந்து விலக விரும்புகிறேன்' என்று மேலே எழுதினார். கடைசியில் ஒரு டிக், கீழே சுருக்கொப்பம், தேதி. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் அரையாண்டு விடைத்தாள் பள்ளி அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. இந்தப் பருவத்தில் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துத் திருத்திய ஒரே தாள் இதுதான். "நல்லா காப்பி பண்ணி, புதன்கிழமைக்குள்ள கொடுத்துடு" என்றார்.

இன்று புதன்கிழமை. அவள் காப்பி பண்ணவில்லை. சிவப்புக் கோடுகளோடு அதே தாள் கைப்பையில் இருக்கிறது.

கழற்றிய பட்டையை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனவள் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"என்ன பண்றே? எனக்குக் குளிக்க வெச்ச வெந்நீர் ஆறிடப் போகுது."

அவள் பட்டனை அமுக்கினாள். பட்டை இறுகியது, போதாமல் இன்னொரு தரம் இறுகியது. மெஷின் நிதானமாக எண்ணைக் காட்டியது. நூற்று அறுபத்தெட்டு, நூற்று நாலு. ஒரு நோயாளிக்கு இந்த எண் வந்தால் எழுந்திருக்க விடாமல் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள். மெஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

குனிந்து பார்த்தார். "மெஷின் கெட்டுப் போச்சு போல."

"இப்பத்தானேங்க உங்களுக்குச் சரியா காட்டுச்சு?"

"அதான் சொல்றேன். எனக்குப் பாத்ததுக்கு அப்புறம் கெட்டிருக்கும்."

 இத்தனை வருஷத்தில் இந்த மனிதரிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "உனக்கு என்ன பண்ணுது?" என்ற கேள்வி வரும் என்று தான் காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். அந்த நீள நோட்டுக்குள் செருகியிருந்த அவருடைய சிவப்புப் பேனாவை உருவினாள். தாளின் வலது மூலையில், மார்க் போடுகிற இடத்தில், 168/104 என்று பெரிதாக எழுதி, இரண்டு கோடு இழுத்து, அவர் முன்னால் வைத்தாள்.

"நான் வரலைங்க. இன்னிக்கு டியூட்டிக்குப் போனதும் முதல்ல டாக்டரைப் பாக்கப் போறேன். அப்புறம் என் வேலையைப் பாக்கப் போறேன். நீங்க மலையடிவாரம் போங்க. உடம்பைப் பாத்துக்கங்க."

அவர் முகத்தில் கலவரம் வந்தது. உண்மையான கலவரம்தான். "நீ வரலைன்னா எனக்கு யாரு பிரஷர் பாப்பா?"

"அந்த நீல பட்டனை அமுக்குங்க. அதுவே பாக்கும்."

வாசலில் உட்கார்ந்து ஷூவின் நாடாவைக் கட்டினாள்.  உள்ளே விர்ரென்று சத்தம். பிறகு "ஸ்ஸ்..." கற்றுக்கொண்டுவிட்டார், ஒரே நிமிஷத்தில்.

கைப்பை நாற்காலியிலேயே இருந்துவிட்டது. அதை எடுக்கத் திரும்ப உள்ளே வந்தாள். அவர் நிமிரவில்லை. முன்னால் நீள நோட்டு விரிந்து கிடந்தது. எண் நூற்று இருபத்திரண்டு, எண்பது. அதற்குப் பக்கத்தில், காரணம் என்ற கட்டத்தில், 'மனைவி' என்று எழுதியிருந்தார். ஸ்கேல் கைக்கு அகப்படவில்லை போலிருக்கிறது. அவளுடைய கடிதத்தை இரண்டாக மடித்து, அதன் விளிம்பை வைத்து, அந்தச் சொல்லுக்கு அடியில் நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.