முப்பது குதிரையும் இரண்டு கேன் எருமைப் பாலும்

“பெருநகர் பக்தவச்சலம். வண்டி நன்றாக ஓடுகிறது. பால் கெடுகிறது.”

1984 மாசியில் என் வேலைக் குறிப்பேட்டில் நான் எழுதிய வரி இது. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டதால் நாளை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது உத்திரமேரூரில் முனுசாமி என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக். வண்டி ஓடவில்லை என்று வருகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

1. பன்னிரண்டு குதிரை லாபம்

பக்தவச்சலம் பெருநகர் என்ற ஊரின் பால் வியாபாரி. செய்யாற்றுக்கு அக்கரையில் கறக்கும் எருமைப் பாலை இரண்டு கேன்களில் வண்டியின் இருபுறமும் கட்டிக்கொண்டு, ஆற்று மணலைக் கடந்து இக்கரையில் இருந்த பால் நிலையத்தில் ஊற்றுவார். அவரிடம் இருந்தது அறுபதுகளில் வந்த பழைய புல்லட். அந்த வண்டியின் மேல் எங்கள் முதலாளிக்கு ஒரு கண். மெட்ராஸிலிருந்து இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினார்.

“உன் புல்லட்டுல பதினெட்டு குதிரை கீது. இதுல முப்பது. பன்னெண்டு குதிரை சும்மா வருது, வாணான்றியா?”

“குதிரை இருக்கட்டும்ணே. கேனத் தூக்குமா?”

“கேன்ல பால் கீதா, தண்ணி கீதான்னு குதிரைக்கு இன்னா தெரியும்?”

வண்டிக்கு வண்டி மாறியது. முதலாளி அன்றே புல்லட்டில் ஏறி டீக்கடைக்குப் போனார். டீக்கடை எங்களுக்கு எதிர்வரிசையில்தான் இருந்தது.

2. தூக்கில் வந்த சாட்சி

மூன்றாம் வாரம் பக்தவச்சலமும் அவர் மனைவி சரோஜாவும் வந்தார்கள். அந்தம்மா கையிலிருந்த தூக்கைத் திறந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே கைப்பிடி அளவு வெண்ணெய்.

“இன்னாம்மா இது?” என்றார் முதலாளி.

“உன் குதிரை போட்டது. கேன் மூடியில ஒட்டிக்கினு வருது. பால் நிலையத்துல, வெண்ணெய எடுத்துட்டுப் பாலக் கொண்டாறியான்னு கேக்கறாங்கோ. ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்கோ. நாளிக்கும் கொழுப்பு கொறஞ்சா இந்தப் பக்கமே வராதன்னுட்டாங்கோ.”

பக்தவச்சலம் தலையைக் குனிந்துகொண்டார். அக்கரையில் பால் கொடுக்கிற வீடுகள் எல்லாம் அவர் நாணயத்தை நம்பித்தான் கொடுத்தன. அது போனால் வியாபாரமே போயிற்று.

எனக்கு விஷயம் புரிந்தது. புல்லட்டில் பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் அதிகம், ஃபிளைவீல் என்கிற சுழல்சக்கரமும் கனம். அதனால் மெதுவாகச் சுற்றும்போதே டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்புகிற பலம், கிடைத்துவிடும். மாட்டு வண்டி போகிற வேகத்திலும் சுமையை இழுக்கும். அந்த இரட்டை சிலிண்டரிலும் டார்க் உண்டு. ஆனால் இன்ஜினை வெகுவேகமாகச் சுற்றவிட்டால்தான் அது வரும். குதிரைத்திறன் என்பது டார்க்கையும் சுற்றுகிற வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே முப்பது குதிரை என்பது பொய்யில்லை. அத்தனையும் வேலைக்கு வர வேண்டுமானால் வண்டி அலறவேண்டும். மணலில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, திமிறித் திமிறிப் போயிருக்கிறார் மனிதர். கேனுக்குள் பால் கடைபட்டிருக்கிறது.

இதைச் சொன்னேன். முதலாளி மசியவில்லை.

“வண்டி மேல பழி போடாத. இவருக்கு ஓட்ட வரல. நாளிக்கு நானே பாலக் கொண்டாந்து எறக்கறேன்.”

“பால் கெட்டா?” என்றார் சரோஜா.

“கெட்டா புல்லட்ட எடுத்துக்கினு போ.”

3. ஆற்றின் நடுவில்

மறுநாள் காலை, பனி விலகுகிற நேரம். முதலாளி துவைத்த சட்டையுடன் கேன்களைக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார். பின்னால் புல்லட்டில் பக்தவச்சலமும் நானும்.

முதல் கியரில் வண்டி போட்ட சத்தத்தில் அக்கரையில் கட்டியிருந்த எருமை ஒன்று முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பாதி ஆறு வந்ததும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மணலைத் தோண்டியது. முதலாளி இன்னும் முறுக்கினார். கிளட்ச் பிளேட் கருகும் வாடை வந்தது. இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை.

கரையில் பால் ஊற்றிவிட்டு நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னா முதலாளி, முப்பதுல எத்தினி படுத்துக்கிச்சி?”

“நாஷ்டா துன்னாம வந்துட்சி போலக்கீது.”

பக்தவச்சலம் கேன்களை அவிழ்த்துப் புல்லட்டில் கட்டினார். நான் இறங்கிக்கொண்டேன். ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடலாம் போன்ற நிதானத்தில் புல்லட் மணலைக் கடந்து கரை ஏறியது. நான் பின்னாலேயே நடந்து போனேன்.

பால் நிலையத்தில் கேனைத் திறந்தபோது மூடியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. கொழுப்பு சரியாக இருந்தது. பரிசோதித்தவர், “இன்னிக்கு ஒழுங்கா கொண்டாந்துக்கிற” என்றார். பக்தவச்சலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வியர்வை இல்லாமலே.

முதலாளியை ஏர் மாடு கட்டி இழுத்தார்கள். இரண்டே மாடு.

பால் கெடவில்லைதான்; ஆனால் அதைக் கொண்டுவந்து இறக்கியது முதலாளி இல்லை என்பதால் புல்லட் திரும்பிப் போனது. இரட்டை சிலிண்டர் வண்டி பிறகு காஞ்சிபுரம் தார் ரோட்டில் ஓட்ட ஆசைப்பட்ட ஒருவரிடம் போய், அங்கே நல்ல பெயர் எடுத்தது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை குதிரை என்று வாடிக்கையாளர் கேட்டால், எந்தப் பாதையில், என்ன சுமையோடு போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது. வெண்ணெய் திரண்டது வண்டி மணலில் திமிறியதாலா, அல்லது இன்ஜினின் அதிர்வே போதுமானதாக இருந்ததா? கேனைக் கட்டி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடி ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வண்டி கைமாறுவதற்கு முன்பே சரோஜாவிடம் ஒரு கேன் பால் கேட்டுப் போனேன்.

“நைனா, வண்டிய இன்னா வோணா ஆராய்ச்சி பண்ணிக்கோ. எருமைய உட்டுடு” என்றார் சரோஜா.

ஆகவே இது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.