கிராதிக்கு வெளியே ஒரு குரல்

பூசைக்கு உதவி செய்யும் பையன்களைப் பழக்குகிற வேலை என் தலையில் விழுந்தபோது, அந்தப் பீடத்துக்குப் பக்கத்தில் போக எனக்கே அனுமதி கிடையாது. பீடத்துக்கும் சனங்களுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக் கிராதி இருந்தது. பூசை நேரத்தில் பெண்கள் அதைத் தாண்டக்கூடாது. கரையில் நின்றுகொண்டே நீச்சல் சொல்லிக்கொடுக்கிற கதைதான்.

அறுபதுகளின் தொடக்கம். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் ஆரம்பப் பள்ளிக்கு டீச்சராக வந்திருந்தேன். சொந்த ஊர் மணமேல்குடிப் பக்கம். அங்கே சின்ன வயதில் என் அண்ணன் பூசை உதவிக்காக லத்தீன் பதில்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு உருப்போடுவான். பூசை அப்போது லத்தீனில்தான், சனங்கள் சார்பில் சாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியது உதவிப் பையன். தாளைக் கையில் பிடித்துக் கேள்வி கேட்பது என் வேலை. அவனுக்குக் கடைசிவரை ஏறவில்லை, எனக்கு ஏறிவிட்டது. இந்தச் செய்தி எப்படியோ பங்குச் சாமியார் காதுக்குப் போயிருந்தது. பையன்களைப் பழக்க வேண்டிய உபதேசியாரோ பாதி நாள் சைக்கிளில் சுற்றுக் கிராமங்களுக்கு ஞானோபதேசம் சொல்லப் போய்விடுவார்.

"டீச்சர், இந்த வானரங்களை நீங்கதான் மேய்க்கணும்" என்றார் சாமி.

பள்ளி விட்டதும் கிராதிக்கு இந்தப் பக்கம் இரண்டு பெஞ்சுகளைப் போட்டு அதைப் பீடமாக்கினோம். துண்டில் சுற்றிய செங்கல் பூசைப் புத்தகம். மருந்துக் குப்பிகள் இரண்டு, ஒன்று திராட்சை ரசத்துக்கு, ஒன்று தண்ணீருக்கு. புத்தகத்தை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாற்றும்போது, படியிறங்கி நடுவில் முழந்தாளிட்டு மறுபடி ஏற வேண்டும். நீளமான சிவப்பு அங்கியைத் தானே மிதித்துக்கொண்டு குப்புற விழாத பையன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. மணியைத் தூக்கும்போது அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேண்டாத இடத்தில் அடித்துத் தொலைக்கும். லத்தீனைப் புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் போல ஓட்டுவார்கள். நான் கத்துவேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம்.

ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கடலைக் காட்டு வேலைக்குப் போகிறவள், முந்தானையெல்லாம் செம்மண். மகன் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

"இவனையும் சேத்துக்கங்க டீச்சர்" என்றாள். "அஞ்சு வயசு வரைக்கும் ஒரு சொல்லு பேசலைங்க. 'தாயே, இவன் வாயத் தொறந்துட்டா ஒன் திருநாப் பூசையில இவன் வாயாலயே பதில் சொல்ல வைக்கிறேன்'னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். தொறந்துட்டான். ஆனா பாதிதான் தொறந்திருக்கான்."

பாதிதான். பையனுக்குக் கடுமையான திக்குவாய். தன் பெயரைச் சொல்லவே கழுத்து நரம்பு புடைத்துவிடும். எதைக் கேட்டாலும் தலையாட்டியே காலத்தை ஓட்டுகிறவன்.

கை வேலையில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. செங்கல்லை ஏந்திக்கொண்டு அவன் படியிறங்குகிற நிதானத்தைப் பார்த்து மற்றப் பையன்கள் அசந்துபோனார்கள். பதில்தான் தகராறு. ஆனால் ஒன்றை வகுப்பிலேயே கவனித்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது அவனுக்குத் திக்காது. அதனால் லத்தீனையும் அவனோடு சேர்ந்தே சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி வந்தது. நான் நிறுத்தினால் அவனும் நின்றுவிடுவான்.

சாமியிடம் ஒரு சட்டம் இருந்தது. வார நாள் பூசைக்கு ஒரே ஒரு பையன்தான். அப்படி ஒரு வாரம் தனியாக நின்று பிசகில்லாமல் உதவி செய்தவனுக்குத்தான் திருநாள் பூசையில் இடம். இவனைச் சோதிக்கக் கூப்பிட்டார். முதல் பதிலிலேயே சிக்கிக்கொண்டான். சாமி கோபப்படவில்லை, வெகுநேரம் காத்திருந்தார். அவன் கண்ணில் தண்ணீர் வந்ததும் தலையில் கை வைத்து, "போதும்யா, வீட்டுக்குப் போ" என்றார்.

"பதில் நின்னா பூசையே நிக்குது டீச்சர். நான் என்ன செய்ய?"

வெளியே காத்திருந்த அம்மா விஷயத்தைக் கேட்டாள். "மாதா வரம் கொடுத்தாலும் சாமி கொடுக்க மாட்டேங்கிறாரே" என்று சொல்லிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போனாள். நேர்ச்சை கழியாவிட்டால் மகனுக்கு வந்த பேச்சும் போய்விடும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயம் பையனையும் பிடித்துவிட்டால் அவன் வாயையே திறக்கமாட்டான் என்பது என் பயம்.

மறுநாளே சாமியிடம் போனேன்.

"தோத்திரம் சாமி. போன மழைக்காலத்துல ஒரு நாள் ஒரு பையனும் வரல. என்னைப் பதில் சொல்லச் சொன்னீங்க. ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கு. ஆம்பளை யாரும் இல்லைன்னா பொம்பளை பதில் சொல்லலாம். தூரத்துல நின்னு, கிராதிக்கு வெளிய. அது திருச்சபைச் சட்டம்."

"மழை நாளுக்கு ஆகுற வாய், வெயில் நாளுக்கு ஆகாதுங்களா?"

"அதான் பையன் இருக்கானே டீச்சர்!"

"பதிலை அவன்தான் சொல்லப் போறான் சாமி. நான் கிராதிக்கு வெளிய இருந்து கூடவே சொல்லிக்கிட்டுப் போவேன், அவ்வளவுதான். அவன் காதுக்கு மட்டும் கேட்டாப் போதும்."

சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "நான் பீடத்தைப் பாத்துத்தான பூசை வைக்கிறேன். முதுகுக்குப் பின்னால யாரு வாய் அசையுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திங்கட்கிழமை விடியற்காலை கிராதியை ஒட்டி, பெண்கள் பக்கத்து முதல் இடத்தில் முழந்தாளிட்டேன். அவன் உள்ளே, பீடத்தின் கடைசிப் படியில். நடுவில் அந்த மரக் கம்பிகள். சாமி தொடங்கினார். நான் முதல் எழுத்தை எடுத்தேன், அவன் பிடித்துக்கொண்டான். சாமி கை கழுவி முடித்து, சனங்கள் பக்கம் திரும்பி, ஜெபிக்கச் சொல்லுகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு வருகிற பதில்தான் நீளமானது, பெரிய பையன்களே தடுமாறுவார்கள். அங்கே அவர் என்னைப் பார்த்துவிடுவாரே என்று முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். சாமி திரும்பினார். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு திரும்பினார்.

அந்த வாரம் முழுவதும் அவர் அப்படியே திரும்பினார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "பூசையில பொம்பளைச் சத்தம் கேக்குதே சாமி" என்று புகார் கொண்டுபோனாராம். "எனக்குக் கேக்கலையேப்பா, காது மந்தமாப் போச்சு" என்று பதில் வந்ததாம். மாதா திருநாள் பூசையில் பையன் பதில் சொன்னான். அவன் அம்மா கோயிலின் கடைசியில் நின்று ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள். நேர்ச்சை கழிந்தது.

பையன் மட்டும் என்னை விடவில்லை. அதன்பிறகும் அவன் முறை வரும் நாளெல்லாம் நான் அந்த முதல் இடத்துக்குப் போய்விடுவேன். பதிலுக்கு முன்னால் அவன் தலை இலேசாக என் பக்கம் சாயும். கிராதியைத் தாண்டி என் கால் போகவில்லை, குரல் போயிற்று. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று யாரிடமும் சொன்னதில்லை.

சில வருஷங்களில் பூசை தமிழுக்கு மாறியது. பீடத்தைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டார்கள். சாமி எங்களைப் பார்த்து நின்றார். பையன் சொல்லிவந்த பதில்களை இனிச் சனங்கள் எல்லோரும் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அவனுக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது.

முதல் தமிழ்ப் பூசை. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார் சாமி. "உம்மோடும் இருப்பாராக" என்று கோயிலே சொன்னது. அந்தச் சத்தத்துக்குள், பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற அவன் வாயும் அசைந்தது, திக்கவில்லை, திணறவில்லை. இனி ஊரே அவனோடு கூடப் போகும். எனக்கு அப்படியொரு சந்தோஷம். கூடவே ஒரு எரிச்சல், இனி நான் எதற்கு என்று. அதே பூசையில் சாமி மறுபடி அதையே சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை.

கோயில் பதில் சொன்னது. அவன் சொல்லவில்லை. அத்தனை பேர் சத்தத்திலும் ஒரு குரல் குறைவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைத் திருப்பிக் கிராதியின் பக்கம் என்னைத் தேடினான்.

சாமியும் பார்த்தார். அத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டே திரும்பியவர், அன்று கண்ணைத் திறந்து, கோயிலறிய என்னைப் பார்த்தார். புத்தகத்தில் மேற்கொண்டு போகாமல், கைகளை மறுபடி விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார்.

"உம்மோடும் இருப்பாராக" என்றேன் நான். அவனும் சொன்னான்.