பார்க்காமலே போட்ட பாஸ்

போன வருடம் மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோலார் தங்க வயலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்றைக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. பத்து மணிக்கு அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கேட்ட சாதாரணப் பரிசோதனைதான். முந்தின நாள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்திருந்தாள்.

திறந்து பார்த்தேன். பிளேட்லெட் பதினான்காயிரம் என்று இருந்தது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக்கூடாத சங்கதி அது. டாக்டருக்குப் போன் செய்தால், டெங்குவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். அம்மாவோ அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, நான் நல்லாத்தானே கீறேன்? உன் கம்ப்யூட்டருக்குத்தான் காய்ச்சல் வந்துகீது போல."

இந்த நேரத்தில் என்ன கிண்டல் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். புடவை மாற்றச் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மேலே பதிவு எண் ஒன்று. கீழே, ரத்தம் எடுத்த குழாயின் எண் வேறு ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த லேபில் ஓடும் மென்பொருளைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொன்னவள் நான்தான்.

மென்பொருள் வெளியே போகுமுன் தப்புகளைத் தேடிப் பிடிக்கும் டெஸ்டர் வேலை எனக்கு. பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறேன். மூன்று வாரம் முன்பு இந்த மென்பொருளின் புது வெர்ஷன் வெளியான அன்று, சோதனைப் பட்டியலில் கடைசி மூன்று வரிகள் பாக்கி. மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் பஸ் மாறி மாறி இடுப்பொடிய வர வேண்டும். அந்த மூன்றில் ஒன்று, ஒரே நாளில் ஒரே பெயரும் ஒரே வயதும் உள்ள இரண்டு பேர் வந்தால் ரிப்போர்ட் மாறாமல் வருகிறதா என்பது. இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று மூன்றுக்கும் 'பாஸ்' போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் சர்ச்சில் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான்தான் அப்படி நினைத்தேன்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று புரிந்ததும் சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் பதினான்காயிரம் யாரோ ஒருத்தியுடையது. அவளிடம் இப்போது இருப்பது என் அம்மாவின் நல்ல ரிப்போர்ட்.

லேபுக்கு ஓடினேன். ரத்தம் எடுத்த அக்கா நோட்டைப் புரட்டியதுமே முகம் வெளுத்துப்போனாள்.

"ஆமா மேடம், நேத்து இதே பேர்ல இன்னொருத்தங்க வந்தாங்க. வயசும் அறுபதுதான். நாலு நாளா காய்ச்சல்னாங்க."

அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்கு மூன்று முறை போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். முகவரி என்று ஸ்கெலட்டன் என்ற எங்கள் ஊர்க் குடியிருப்பின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவளுக்கு முகம் தெரியும் என்பதால் அவளையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினேன். போகும்போதே மேனேஜருக்குப் போன் செய்து, எல்லா லேபிலும் அந்த மென்பொருளை உடனே நிறுத்தச் சொன்னேன். திங்கட்கிழமை பார்க்கலாமே என்று இழுத்தார். சோதனை செய்யாமல் பாஸ் போட்டது நான்தான் என்று அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். உடனே நிறுத்திவிடுகிறேன் என்றார்.

ஸ்கெலட்டனில் ஒரு பெட்டிக்கடையில் விசாரித்தோம். "எந்த வூட்டு அம்மா? அந்தப் பேர்ல இங்க மூணு பேர் கீறாங்கோ" என்றார் கடைக்காரர். முதல் வீட்டில் அந்தப் பெயருள்ள அம்மாள் துணி உலர்த்திக்கொண்டு நின்றாள். லேப் அக்கா இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த வீடு பூட்டியிருந்தது. எங்கே தூக்கிக்கொண்டு போனார்களோ, எதற்குப் போனார்களோ என்று மனம் கண்டபடி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றார்.

மூன்றாவது வீட்டில் மகள் சிரித்த முகத்தோடு வந்தாள். "காலையில ரிப்போர்ட் நார்மல்னு போன்ல வந்துச்சிக்கா, அப்புறம் சார்ஜ் போயிடுச்சி. அதான் ஆஸ்பத்திரி வேணாம்னு கஞ்சி குடுத்துப் படுக்க வெச்சிகீறேன்."

உள்ளே அந்த அம்மாள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். கையெல்லாம் சிவப்புப் புள்ளி. தலையணையில் ஈறிலிருந்து கசிந்த ரத்தம். கூப்பிட்டதற்கு முனகல்தான் வந்தது. ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று நிமிடத்துக்கொரு முறை மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸில் கோலாருக்கு அனுப்பினார்கள். நாங்களும் கூடவே போனோம். அங்கே பிளேட்லெட் ஏற்றினார்கள். இன்னும் அரை நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

வராந்தாவில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தேடிக்கினு வரலைன்னா எங்கம்மா இல்லக்கா" என்று அழுதாள். பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் திட்டவில்லை. மெதுவாகக் கையை மட்டும் விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாள் பிழைத்து வீடு திரும்பினாள். மகள் அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. அவள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

ஆபீஸில் நிறைய மாறியது. இப்போது ஒருவர் போட்ட பாஸை இன்னொருவர் தானே செய்து பார்க்காமல் ஏற்பதில்லை. பாக்கி இருந்தால் வெளியீடு தள்ளிப்போகும், யாரும் முகம் சுளிப்பதில்லை. என் வேலை போகாதது என் அதிர்ஷ்டம்.

அந்த மூன்று வாரத்தில் அப்படி மாறிப்போயிருக்கக்கூடிய ரிப்போர்ட்டுகள் இன்னும் ஆறு என்று கண்டுபிடித்தோம். ஆறு பேருக்கும் நானே போன் செய்தேன். ஐந்து பேர் எடுத்தார்கள், நன்றாக இருந்தார்கள். ஆறாவது ஒரு பெண்மணி, அவள் எண் உபயோகத்தில் இல்லை. கொடுத்த முகவரிக்குப் போனால் வீடு காலி, எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்மணி எங்கேயோ சுகமாக இருப்பாள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், ஆனால் ஒவ்வொரு முறை பட்டியலில் 'பாஸ்' என்று எழுதும்போதும், பார்த்தே இராத அவள் முகத்தைத் தேடி மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.