ஒரு மாத்திரை, இரண்டு கிழமைகள்

முதல் அறிகுறி வாயில்தான் தெரிந்தது. குறுவை அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு மதியம், ரசம் சோறு ஒரு வாய் போட்டதும் நாக்கின் ஓரத்தில் சுரீரென்று எரிந்தது. மிளகு கூடிவிட்டது என்று நினைத்து மோர் ஊற்றிக்கொண்டேன். மோரும் எரிந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். உள் உதட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். வெயில் சூடு என்று நானே முடிவு செய்து மணத்தக்காளிக் கீரை வாங்கிவரச் சொன்னேன். மூன்றே நாளில் புள்ளிகள் புண்களாகிவிட்டன. தண்ணீர் விழுங்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. பாபநாசத்துக்குப் பக்கத்தில் வீடு. என் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் அறுத்தவர்கள். நானும் என் கணவர் ராஜேந்திரனும் இரண்டு அறுவடை இயந்திரங்கள் வைத்திருக்கிறோம். இயந்திரத்தையும் ஓட்டுநரையும் வயலுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று குறித்து வைப்பது என் பொறுப்பு.

அந்தக் குறிப்பெல்லாம் காலண்டரில் இருக்கும். சுவரில் மாட்டும் காலண்டர் அல்ல; முன்னறைக் கம்ப்யூட்டர், என் போன், அவர் போன் மூன்றிலும் உள்ள காலண்டர். மூன்றும் ஒரே கணக்கில் இணைந்தவை. ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டிலும் தானாக வந்துவிடும். இதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். முதலில் அவர் நம்பவில்லை. நான் வீட்டில் தட்டியது வயல் வரப்பில் நின்ற அவர் போனில் வந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, என்னைவிட அதிகமாக நம்ப ஆரம்பித்தார்.

மூன்று வருடமாக எனக்கு முடக்குவாதம் (உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய்). காலையில் விரல்களை மடக்க முடியாது. தஞ்சாவூரில் ஒரு பெண் மருத்துவரிடம் பார்த்து வந்தேன். மெத்தோட்ரெக்சேட் (அந்த எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மருந்து) கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. சீட்டில் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார். மற்ற ஆறு நாளும் ஃபோலிக் அமிலம் (முதல் மருந்து தரும் வாய்ப்புண்ணையும் சோர்வையும் குறைக்கும் வைட்டமின்). இரண்டும் சிறியவை, இரண்டும் மஞ்சள்.

வார மாத்திரையை ஞாயிறு இரவு என்று காலண்டரில் போட்டுக்கொண்டேன். அட்டையைப் பிதுக்க என் விரல்களுக்கு வலு இல்லாததால், ஆறு நாளும் அவர் தன் போனைப் பார்த்து அன்றைய மாத்திரைகளை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைப்பார். ஞாயிறன்று அவர் இயந்திரத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார். அன்று மட்டும் என் போன் சொல்வதைக் கத்தரியால் அட்டையை வெட்டி நானே எடுத்துக்கொள்வேன். இரண்டு வருடம் இந்த ஏற்பாட்டில் ஒரு பிசகும் வந்ததில்லை.

பிசகு எங்கே நுழைந்தது என்று பிறகு யோசித்து யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் கணக்கின் கடவுச்சொல் பலருக்குத் தெரிந்துபோயிருந்ததால், ஒரு நாள் கம்ப்யூட்டரில் அதை மாற்றினேன். அவர் பக்கத்தில் இருந்ததால் அவர் போனிலும் புதியதைப் போட்டுவிட்டேன். என்னுடையதில் போடப்போன நேரத்தில் ஒரு விவசாயி அழைத்தார். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போனின் மேல்வரியில் ‘மீண்டும் உள்நுழையவும்’ என்று அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளிவிட்டேன். பழைய குறிப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததால், காலண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். அது அந்தத் தேதியிலேயே நின்றுவிட்டிருந்தது.

அடுத்த சில நாளில் மருத்துவரைப் பார்க்கும் முறை வந்தது. அறுப்புக் காலம், என்னால் போக முடியவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு என் கணவர் போனார். ஞாயிறு மாத்திரை போட்டால் திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள், அன்றைக்குத்தான் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் புதன்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். பத்து மாத்திரை உள்ள புது அட்டையோடு வீடு திரும்பியவர், நேராகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஞாயிறைப் புதனாக்கினார்.

என்னிடம் சொல்லவும் செய்தார். “புதன்கிழமைக்கு மாத்திட்டேன், பாத்துக்க.” என் காதில் அப்போது போன். யாரோ ஒருவரின் அறுப்பு புதனுக்குப் போய்விட்டது என்று புரிந்துகொண்டு தலையாட்டினேன்.

அதன்பிறகு புதன்தோறும் அவர் போன் சொன்னபடி மெத்தோட்ரெக்சேட்டைக் கிண்ணத்தில் வைத்தார். மஞ்சள் மாத்திரைதானே, ஃபோலிக் அமிலம் என்று விழுங்கினேன். ஞாயிறுதோறும் என் போன் சொன்னபடி மெத்தோட்ரெக்சேட்டை நானே எடுத்து விழுங்கினேன். நான்கு வாரம் இப்படி நடந்தது.

இடையில் ஒரு எச்சரிக்கை வந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை. வழக்கமாகக் கம்ப்யூட்டரில்தான் குறிப்பேன்; திருவிடைமருதூர்ப் பக்கம் ஒருவருக்கு மட்டும் காலை ஏழு மணிக்கு வண்டி வரும் என்று என் போனில் குறித்திருந்தேன். அது அவர் போனுக்குப் போகவே இல்லை. வண்டி வேறு ஊரில் அறுத்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் மழை மேகத்தைப் பார்த்தபடி வயலில் பத்து மணி வரை நின்றிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குத்தான் ஞாபகம் குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு சரியில்லாத ஒருத்திக்கு எந்தத் தவறு நடந்தாலும் அதை உடம்பின் கணக்கில் எழுதிவிடுவது சுலபமாக இருக்கிறது.

வாய்ப்புண் வந்த ஆறாம் நாள் காய்ச்சல் அடித்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தவுடன் நடக்கக்கூட விடவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத் தனி அறைக்குத் தள்ளிப்போனார்கள். வெள்ளை அணுக்கள் (நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) மிகவும் குறைந்துவிட்டன என்றார்கள்.

மருத்துவர் வந்தார். மருந்துப் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டி, மெத்தோட்ரெக்சேட் அட்டையை மட்டும் கையில் எடுத்தார். அதில் இரண்டே மாத்திரை மிச்சம் இருந்தது.

“வாரத்துக்கு ஒன்னுதானேம்மா? எந்தக் கிழமை எடுக்கிறீங்க?”

“ஞாயிறு” என்றேன் நான். அதே நொடியில் கட்டிலின் மறுபக்கம் நின்ற என் கணவர் “புதன்” என்றார்.

மருத்துவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு கோபமில்லாமல், “ரெண்டு பேரும் போனை எடுங்க” என்றார்.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே கணக்கு, ஒரே நிறம், ஒரே எழுத்து. ஒன்றில் ஞாயிறு, ஒன்றில் புதன். என் கணவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “கம்ப்யூட்டர்ல மாத்திட்டா எல்லாத்துலயும் மாறிடும்னு நீதானே சொன்ன.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

உடனே ஃபோலினிக் அமில ஊசி (மெத்தோட்ரெக்சேட்டின் விளைவை முறிக்கும் மருந்து) ஆரம்பித்தார்கள். கிருமித் தொற்றுக்கு வேறு மருந்து நரம்பு வழியாக ஏறியது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்ததால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றத் திணறியிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் முற்றியது என்று மருத்துவர் விளக்கினார். பிழைத்துக்கொள்வேனா என்று கேட்டேன். இன்னும் நான்கு நாளில் அணுக்கள் ஏறிவிட்டால் பயமில்லை என்றார். ஏறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் சும்மா படுத்திருந்தபோது போனை எடுத்துப் புதிய கடவுச்சொல்லைப் போட்டேன். திரை ஒரு கணம் வெறுமையானது. பிறகு ஒரு மாதத்து மாற்றங்கள் வரிசையாக வந்து விழுந்தன. வயல்கள் நாள் மாறின, மணி மாறின. என் கண் முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமையிலிருந்த மாத்திரை மறைந்து புதன்கிழமையில் போய் நின்றது. இரண்டு நிமிட வேலை. அழுகை வந்தது, கண்ணீர் உதட்டில் பட்டு எரிந்ததால் அடக்கிக்கொண்டேன்.

என் கணவரின் அக்கா என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். இனி இந்தப் போனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், தேதி கிழிக்கிற காலண்டரில் எழுதிவை என்று அவர் சொன்னது அக்கறையால்தான். ஆனால் எனக்குக் காலண்டர் மேல் கோபம் வரவில்லை. தேதி கிழிக்கிற காலண்டரில் ஒரு பருவத்துக்கு எத்தனை வயலை எழுத முடியும்? வரப்பில் நிற்கிற மனிதருக்கு அதை எப்படிக் காட்ட முடியும்?

நான்காம் நாள் அணுக்கள் ஏறவில்லை. ஐந்தாம் நாள் கொஞ்சம் ஏறின. ஏழாம் நாள் காலை, ஆறிய கஞ்சியை எரியாமல் விழுங்கினேன். அந்தக் கஞ்சியின் ருசியை என்னால் எழுத முடியவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

உடம்பு தேறியது, இவர் தேறவில்லை. மாத்திரைக் கிண்ணத்தைத் தொட மறுத்தார். என் அருகில் உட்காருவார், சோறு பிசைந்து வைப்பார், மருந்து நேரம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மெத்தோட்ரெக்சேட் நிறுத்தப்பட்டதால் என் மூட்டுகள் மறுபடி வீங்கின. சட்டைப் பொத்தான் போட முடியாத என்னால் மாத்திரை அட்டையைப் பிதுக்கவோ வெட்டவோ முடியுமா? மற்ற மாத்திரைகளைப் பக்கத்து வீட்டில் பிதுக்கித் தரச் சொல்லி எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ரத்தம் சீரானதும், மருத்துவர் குறைந்த அளவில் மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்ப ஆரம்பித்தார். புதன்கிழமை. அன்று சாயங்காலம் இவர் வழக்கம்போல் எழுந்தார்.

“நீங்கதாங்க எடுத்துத் தரணும்” என்றேன்.

“என் கையால வேணாம் செல்வி. ஒரு தடவ போதும்.”

“உங்க கையில தப்பில்ல. என் போன்ல தப்பு. நான் பாக்காம தள்ளி விட்டேன்ல, அதுல தப்பு. உக்காருங்க. ரெண்டு பேரும் பாப்போம்.”

நின்றார். நெடுநேரம் கழித்து உட்கார்ந்தார். இரண்டு போனையும் மேசையில் வைத்தோம். அவர் கிழமையைச் சத்தமாகப் படித்தார், நானும் படித்தேன். அட்டையில் மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்கள் நேராக இல்லை. மாத்திரை கீழே விழாமல் எப்படியோ கைமாறியது.

இதை வாசிக்கிறவர்களில் வார மாத்திரைக்காரர்கள் இருப்பீர்கள். நாங்கள் இப்போது செய்வதைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு வேறொரு கணக்கில் தனிக் காலண்டர் வைத்திருக்கிறோம்; வயல் குறிப்புகள் அதில் கலப்பதில்லை. மாற்றம் எதுவானாலும் என் போனில் நான் மட்டுமே செய்வேன். அவர் போனிலும் கம்ப்யூட்டரிலும் அதைப் பார்க்கத்தான் முடியும், திருத்த முடியாது. சனிக்கிழமைதோறும் காலையில் அதில் ஏதாவது ஒரு வார்த்தை எழுதுவேன். பெரும்பாலும் ‘தோசை’ என்று. அது அவர் போனில் வந்துவிட்டால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மாத்திரையை நிறத்தை வைத்து நம்புவதில்லை; முழுப் பெயரையும் எழுதுகிறோம். மேல்வரியில் எது வந்தாலும் படித்துவிட்டுத்தான் தள்ளுகிறேன்.

அந்தத் திருவிடைமருதூர்க்காரர் அடுத்த சம்பாவுக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார். சொன்ன நேரத்துக்கு வண்டி போய் நின்றது. வண்டி வந்துவிட்டது என்று அவரே என்னை அழைத்துச் சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். பொய்யில்லை. வலி இருக்கிறது. ஆனால் வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிற அவசரம் போய்விட்டது.

முன்பெல்லாம் உடம்பு என்பது என் வேலைக்கு இடையூறாக வந்து நிற்கும் ஒன்று. நேரம் என்பது விவசாயிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய ஒன்று. இப்போது வாரத்தின் ஒவ்வொரு நாளும் உடம்பில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. வியாழன் கண் இமையில் கனக்கிறது. வெள்ளி மதியத்துக்கு மேல் பசிக்கிறது. செவ்வாயன்று விரல்கள் நன்றாக மடங்குகின்றன. அன்றுதான் பூ தொடுப்பேன்.

புதன் சாயங்காலம் அவர் போன்தான் முதலில் ஒலிக்கும். என்னுடையது ஏழெட்டு நொடி தாமதமாக வரும். ஏன் என்று தெரியவில்லை, சரிசெய்யவும் தோன்றவில்லை. அவர் மாத்திரையை என் கையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நானும் தண்ணீர் டம்ளரோடு காத்திருப்பேன். என் போன் ஒலித்ததும் விழுங்குவேன்.