கிளெனிஸ் கேட்க நினைத்த பத்து விநாடி

கிளெனிஸ் பானக் தன் எழுபதாவது வயதில் ஒரு விஷயத்துக்கு ஆசைப்பட்டாள். அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மெல்போர்னுக்குத் தெற்கே, கடல் தாண்டி இருக்கும் எங்கள் ஹியூவான் ஆற்றுப் பக்கம் அப்படித்தான். கூரை பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தால்கூட "இன்னிக்குக் கொஞ்சம் காத்து ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு டீக்குத் தண்ணீர் வைப்போம். ஒன்று வேண்டும் என்று கேட்பது அடுத்தவரைத் தொந்தரவு செய்வது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு.

பதினைந்து வயதில் அவள் ஆப்பிள் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். மெல்லிய தாளில் ஆப்பிளைச் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. அவள் கை ஓடும் வேகத்தைப் பார்க்கவே மேஸ்திரி வந்து நிற்பாராம். பிறகு இங்கிலாந்துக்காரன் எங்கள் ஆப்பிளை வாங்குவதை நிறுத்தினான். மரங்களைப் பிடுங்கிக் குவித்து எரித்தார்கள், கொட்டகையையும் மூடினார்கள். கிளெனிஸ் பள்ளிக்கூடத்து கேன்டீனில் சேர்ந்து இருபத்தேழு வருஷம் பிள்ளைகளுக்கு, இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைச் சூடு பண்ணி, மேலே தக்காளி சாஸ் பிழிந்து கொடுத்தாள். இந்த ஊரில் நாற்பது வயதுக்காரர்கள் பாதிப்பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள். நன்றி சொன்னவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

புருஷன் கிளைவ், கவுன்சிலில் சாலையைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டினான். ஒரு நாளைக்கு இருபது சொல்தான் அவனுக்குப் படியளந்திருந்தது. அதில் பதினைந்து நாய்க்குப் போய்விடும். சமையல் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போவான். அதையே அவள் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டாள்.

அந்த ஊமைக்கோட்டானுக்கு ஒரு பித்து இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்த டெஸ் டில்யார்டும் அவனும் சேர்ந்துகொண்டு, மேட்டில் காலியாகக் கிடந்த சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்குள் வாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம் இறங்குவார்கள். சர்ச்சில் வேண்டாம் என்று போட்ட பழைய ஆர்மோனியம் ஒன்று, ஒரு கிடார், வேலிக் கம்பியில் மாட்டிய ஒரு மைக். காற்று அடிக்கும்போது கம்பி முனகும். ஒருவன் ஒரே கட்டையை நிமிஷக்கணக்கில் அமுக்கிக்கொண்டிருப்பான், இன்னொருவன் அதன்மேல் மெல்ல இன்னொரு சுரத்தை வைப்பான். பாட்டில்லை, தாளமில்லை, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்றும் தெரியாது. ஆம்பியன்ட் இசை என்று அதற்குப் பெயர் என்றான் டெஸ். எல்லாவற்றையும் பெரிய சக்கர டேப்பில் பதிவு செய்தார்கள். யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

கேன்டீனில் கூட வேலை பார்த்த இவோன் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தபோது சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு உடம்பு சரியில்லயா?" என்றாள்.

"அது ஃப்ரிட்ஜ் இல்லடி, என் வீட்டுக்காரன்."

"ரெண்டும் ஒண்ணுதான். உள்ள லைட்டு எரியுதான்னு வெளியேருந்து தெரியாது."

கிளெனிஸுக்கும் அந்த இசை புரியவில்லை. ஆனால் பிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் தொட்டி வாசலில் நிற்பாள். அவள் நின்றது இசைக்காக இல்லை. ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும், எது எந்த நாள் பதிவு என்று பிற்பாடு தெரியவேண்டும் என்பதற்காக, கிளைவ் மைக்கில் பத்து விநாடி பேசுவான். முதலில் ஒரு சின்னச் செருமல். பிறகு தேதி, கிழமை, காற்று. கடைசியில், டெஸ்ஸைச் சிரிக்க வைப்பதற்காகத் தொடங்கி வழக்கமாகிவிட்ட ஒன்று, அன்றைய சாப்பாடு.

"ஜூன் பதினாலு. வியாழக்கிழம. மேக்கால காத்து. இன்னிக்கு கிளெனிஸ் மசாலா சாஸேஜ் பண்றா."

அந்தக் 'கிளெனிஸ்' வரும்போது குரலில் லேசாக ஒரு சிரிப்பு ஏறி இறங்கும். வீட்டில் அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு அந்தப் பத்து விநாடிதான். அதையும் அவன் மைக்கிடம் சொன்னான், அவளிடம் சொல்லவில்லை. போகட்டும், சொன்னானே.

முப்பத்தொரு டேப் சேர்ந்தது. பிறகு இருவருக்கும் முதுகுவலி வந்தது, தொட்டிக்குள் இறங்குவது நின்றது.

கிளைவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையோடு பேச்சும் போயிற்று. இருபது சொல் சுத்தமாக இல்லாமல் ஆனது. மூன்று வருஷம் 'ம்ம்' என்ற ஒரே சத்தத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நாய்கூடக் கொஞ்ச நாள் குழம்பிப்போயிற்று. பிறகு ஒரு செப்டம்பரில் போய்ச் சேர்ந்தான்.

எல்லாம் முடிந்து வீடு அமைதியான பிறகுதான், போட்டுக் கேட்கும்படி அவன் குரல் தன்னிடம் எதிலும் இல்லை என்பது கிளெனிஸுக்கு உறைத்தது. தொலைபேசியில் பதிந்து வைத்திருந்த 'வீட்ல இல்ல, அப்பறம் கூப்பிடு' என்ற செய்தி, ஒரு புயலில் மின்சாரம் போனபோது அழிந்துவிட்டது. குடும்ப வீடியோக்களில் எப்போதும் கேமராவைப் பிடித்திருந்தவன் அவன்தான், பிடித்தபடி ஒரு சொல் பேசியதில்லை. அவள் காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுப்படியில் நிற்கும்போது சில நாள் அந்தச் செருமல் வரும், 'மேக்கால காத்து' வரும். கூப்பிட்டால் வராது, தானாகத்தான் வரும். வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டும் வந்தது.

அந்தச் சமயத்தில் டெஸ் வந்தான். மெல்போர்னில் யாரோ சின்னக் கம்பெனிக்காரர்கள் இந்த மாதிரிப் பழைய, வெளிவராத பதிவுகளைத் தேடி இசைத்தட்டாகப் போடுகிறார்களாம். கிளைவ் பெயரும் தன் பெயரும் போட்டு ஒன்று கொண்டுவரப் போகிறார்களாம். "அந்த டேப்பெல்லாம் இருக்கா கிளெனிஸ்?"

இருந்தன. கட்டிலுக்கடியில் ஆப்பிள் பெட்டியில். ஓட்டும் கருவிதான் அவளிடம் இல்லை. டெஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். முப்பது வருஷ ஈரத்தில் நாடா பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. அப்படியே ஓடவிட்டால் உரிந்துபோகும் என்றான்.

"இத மெதுவாச் சூடு காட்டிக் காய வெக்கணும். ஆப்பிள் ஒணத்துற பெட்டி வெச்சிருக்கியே, அது போதும். ஐம்பத்திநாலு டிகிரி, எட்டு மணி நேரம். அதுக்கப்பறம் ஒரு தடவ ஒழுங்கா ஓடும். அடுத்த தடவைக்கு நான் உத்தரவாதம் இல்ல."

அது பிப்ரவரி, ஆப்பிள் காயப்போடும் காலம். கிளெனிஸ் தன் ஆப்பிளை அழுக விட்டுவிட்டு டேப்பைக் காயவைத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு சக்கரம். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் திருப்பி வைத்தாள். பச்சைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றையும் தூக்கும்போது இதற்குள் ஒரு சாப்பாடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். முப்பத்தொரு சாப்பாடு, முப்பத்தொரு 'கிளெனிஸ்'.

டெஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது ஜன்னலை இறக்கிக் கேட்டான். "வேற ஏதாச்சும் சொல்லணுமா கிளெனிஸ்?"

பாருங்கள், கடவுளே வந்து கேட்டது மாதிரி அவனே கேட்டான். அந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று நாலு சொல் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கூச்சம். அவர்கள் இசைக்காரர்கள், பெரிய வேலை செய்கிறார்கள், இதில் நம் சாஸேஜ் எதற்கு என்று ஒரு எண்ணம். எப்படியும் இசைத்தட்டில் வரத்தானே போகிறது, எல்லா டேப்பும் அதில்தானே தொடங்குகிறது என்று ஒரு நம்பிக்கை.

"ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு, வளைவுல ஜல்லி கெடக்கு" என்றாள்.

இரண்டு வருஷம் ஆனது. போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஊர் மன்றத்தில் இசைத்தட்டைப் போட்டுக் கேட்கும் கூட்டம். ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவர வேண்டும், தலையணையும் கொண்டுவர வேண்டும், தரையில் படுத்துக் கேட்பதுதான் முறை என்று சொல்லியிருந்தார்கள். ஹோபார்ட் நகரத்திலிருந்து தாடிக்காரப் பையன்கள் வந்திருந்தார்கள். கிளெனிஸ் ஆப்பிள் கேக்கோடு போனாள். முழங்கால் மடங்காததால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பூப்போட்ட நீலச் சட்டை போட்டிருந்தாள். கிளைவ் இருந்தபோது வாங்கியது.

"படுத்துத் தூங்கறதுக்கு டிக்கெட் வெக்காம விட்டாங்களே" என்று பக்கத்தில் இவோன் முணுமுணுத்தாள்.

"சும்மா இருடி, ஆரம்பிக்கப் போகுது."

ஊசி இறங்கியது. கிளெனிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்மோனியம் வந்தது. நேராக ஆர்மோனியம். முன்னால் ஒன்றுமில்லை.

சரி, முதலாவதற்கு விட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். பத்து நிமிஷம் போய் இரண்டாவது தொடங்கியது. வேலிக் கம்பியின் முனகல். மூன்றாவதில் கிடார். ஒவ்வொன்று முடியும்போதும் வரும் அந்தச் சின்ன இடைவெளியில் அவள் உடம்பே காதாகி முன்னால் சாய்ந்தது. தரையில் கிடந்தவர்கள் கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருந்தார்கள். ஒரு தாடிக்காரன் அழுதான். ஆறு பதிவு, எழுபது நிமிஷம். ஆறாவதும் காற்றிலேயே தொடங்கிக் காற்றிலேயே முடிந்தது. செருமல்கூட இல்லை.

கைதட்டலுக்குப் பிறகு, பலகார மேசைக்குப் பக்கத்தில், தன் வாழ்நாளில் முதல்முறையாக அவள் ஒருவனை நிறுத்திக் கேட்டாள்.

"டெஸ், ஒண்ணு கேக்கட்டுமா? ஒவ்வொரு டேப்புலயும் மொதல்ல கிளைவ் பேசுவானே. தேதி, காத்து அதெல்லாம். அது எங்க?"

டெஸ் முகம் மலர்ந்தது. வேலையைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவன். "அதெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன். இசை எங்க ஆரம்பிக்குதோ அங்க பிளேடு வெச்சு வெட்டி, எதுவும் பதியாத வெள்ள நாடாவ ஒட்டணும். அதுதான் முறையான வேல. இப்ப எவனுக்கும் தெரியாது. முப்பத்தொண்ணும் நானே என் கையால செஞ்சேன்."

"வெட்டினது எப்போ? கம்ப்யூட்டர்ல ஏத்தினதுக்கு அப்பறமா?"

"முன்னாடியே. ஒரு தடவதான ஓடும்? அத வெறும் பேச்சுக்கு ஏன் வீணாக்கணும்னு—"

அவன் நிறுத்தினான். வாத்தியார் அல்லவா, மெதுவாகத்தான் புரிந்தாலும் முழுசாகப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தான்.

"அந்தத் துண்டெல்லாம் எங்க டெஸ்?"

"குப்பைல போட்டேன் கிளெனிஸ். செவ்வாக்கிழம வண்டி வந்துச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஓ" என்றாள்.

"சொல்லியிருக்கலாமே. ஐயோ, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே அன்னிக்கு."

"ஆமா. கேட்ட. நான்தான் சொல்லல."

டெஸ் கெட்டவன் இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது, அதைத் தாங்க முடியாமல் ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடித்தான். அந்தத் துடிப்புத்தான் மிச்சமிருந்ததையும் அழித்தது. மற்றவர் பேச்சை அப்படியே பேசிக்காட்டுவதில் அவன் கெட்டிக்காரன். தலைமையாசிரியர் மாதிரிப் பேசிக் கேன்டீனையே சிரிக்க வைத்தவன்.

"எனக்கு மனப்பாடம் கிளெனிஸ். எத்தன தடவ கேட்டிருக்கேன். அப்படியே சொல்றேன், கண்ண மூடிக்கோ."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் பாவம், ஆசையாகச் செய்கிறான், எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டாள்.

டெஸ் செருமினான். "ஜூன் பதினாலு. வியாழக்கிழம. மேக்கால காத்து. இன்னிக்கு கிளெனிஸ் மசாலா சாஸேஜ் பண்றா."

பிசகாமல் சொன்னான். அந்தச் சிரிப்பைக்கூட அதே இடத்தில் ஏற்றி இறக்கினான். பக்கத்தில் நின்ற இவோனுக்கே மயிர்க்கூச்செறிந்ததாம். கிளெனிஸ் கண்ணைத் திறந்து, "நன்றி டெஸ். கேக்க நல்லா இருந்துச்சு" என்றாள். காலி கேக் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவளுக்கு ஒரு இசைத்தட்டு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். போட்டுக் கேட்க அவளிடம் கருவி இல்லை. உறைக்குள் இருந்த தாளை மேசையில் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது: 'ஆப்பிள் உலர்த்தும் பெட்டி தந்து உதவிய கிளெனிஸ் பானக்குக்கு நன்றி.'

வியாழக்கிழமை சாயங்காலம் சாஸேஜை வதக்கி, வெங்காயம் போட்டு, மசாலாப் பொடியைத் தூவினாள். வெளியே உண்மையாகவே மேற்குக் காற்று. வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டிருந்த குரல் அன்றைக்குக் கூப்பிடாமலே தெளிவாக வந்தது. செருமல் வந்தது, கிழமை வந்தது, காற்று வந்தது. கிளெனிஸ் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். கடைசியில் 'கிளெனிஸ்' என்றது.

அது டெஸ்ஸின் குரல்.

அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். டெஸ்தான். கிளைவின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். அப்போதும் டெஸ்தான் பேசினான்.